நாலு வருஷ பிரிண்டரும் அப்பாவின் சுவிட்சும்

சித்தப்பா மகன் நேற்று ஒரு லிங்க் அனுப்பி, "அண்ணே, உங்க வீட்ல இருக்கிற அதே பிரிண்டர், ரெண்டாயிரம் குறைச்சிருக்கான், வாங்கவா?" என்று கேட்டிருந்தான். கேட்ட நேரம் அப்படி. முந்தின நாள்தான் அதை சர்வீஸிலிருந்து ஸ்கூட்டரில் மடியோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தேன். பேன்ட்டில் பட்ட மெஜந்தா மைக் கறை (ரோஜாச் சிவப்பு) இன்னும் போகவில்லை.

2021இல் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ், நாலு கலர் டேங்க், வைஃபை என்று கடைக்காரர் சொன்னதெல்லாம் இருக்கிறது, வேலையும் செய்கிறது. வகுப்பு நடந்த வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் பத்துப் பக்கம் அடித்தோம், மை குறைந்த மாதிரியே தெரியவில்லை. பள்ளிக்கூடம் திறந்து, பிரிண்டர் வாரக்கணக்கில் சும்மா கிடக்க ஆரம்பித்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது.

இங்க்ஜெட்டுக்கு, அதாவது மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் இந்த மாதிரி பிரிண்டருக்கு, ஓய்வு ஆகாது. மையைத் தெளிக்கும் ஹெட்டில் உள்ள துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை, மை அதில் காய்ந்தால் கதை முடிந்தது. அதனால்தான் வேலை முடிந்ததும் ஹெட் ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பிரிண்டரின் பட்டனை அமுக்கி, விளக்கு மினுக்கி நின்ற பிறகுதான் சுவர் சுவிட்சைத் தொட வேண்டும். இதை அப்பாவிடம் நாலு வருஷமாகச் சொல்கிறேன். பேப்பர் முழுசாக வெளியே வருவதற்குள் அவர் கை சுவிட்சுக்குப் போய்விடும். "வேலை முடிஞ்சிருச்சுல்ல, எதுக்கு கரண்டை வீணாக்குற?" ஹெட் பாதி வழியில் வாயைத் திறந்தபடி நிற்கும். ராத்திரி முழுக்க ஃபேன் காற்று, மதுரை வெயில் வேறு.

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. ஊருக்கு வந்ததும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நாலுக்கு ஆறு சைஸில் முப்பது போட்டோ அடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் படம் வந்தது. அம்மாவின் அரக்குப் பட்டு குளத்துப் பாசி நிறத்தில் இருக்கிறது, அப்பாவின் முகம் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி. எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று கோடு போட்டுக் காட்டும் நாஸில் செக் எடுத்துப் பார்த்தால் மெஜந்தா கட்டத்தில் நாலே கோடு, மற்றதெல்லாம் வெள்ளை. அடைப்பு போக மையை உறிஞ்சி இழுக்கும் ஹெட் க்ளீனிங் போட்டேன், ஏழு கோடு. இன்னொரு முறை, அதே ஏழு. மூன்றாவது முறை, இருந்ததும் போய் மூன்று கோடு. டேங்கில் மை மட்டம் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. வெறுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் போட்டால் எல்லாக் கோடும் வந்து நிற்கிறது. க்ளீனிங் போட்டும் சரியாகவில்லை என்றால் சில மணி நேரம் சும்மா விடுங்கள் என்று கையேட்டிலேயே இருக்கிறதாம். யார் படித்தார்கள்?

இப்படி க்ளீனிங்கில் உறிஞ்சிய மை எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை. பிரிண்டரின் அடியில் கம்பளி மாதிரி ஒரு பேட் இருக்கிறது, அதில்தான் போய்ச் சேர்கிறது. பேட் நனைந்திருக்கிறதா என்று பிரிண்டர் பார்ப்பதில்லை, எவ்வளவு மை அதில் போயிருக்கும் என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்கிறது. கணக்கு முடிந்தால் ஒரு நாள் எல்லா விளக்கும் சேர்ந்து மினுக்கும். போன வாரம் மினுக்கியது. பிரிண்ட் வேண்டாம், ஆதார் அட்டையை ஸ்கேனாவது எடுக்கலாம் என்றால் அதுவும் முடியாது! மை எட்டியே பார்க்காத கண்ணாடிக்கும் சேர்த்துப் பூட்டு. பேட் மாற்றி, கணக்கை அழித்துத் தர 1,200 ரூபாய். இப்போது வரும் சில மாடல்களில் இதை ஒரு சின்னப் பெட்டியாக வைத்திருக்கிறார்கள், நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

மை இத்தனை ஆயிரம் பக்கம் வரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கணக்கையும் நம்பிவிட வேண்டாம். பொய் இல்லை, சோதனைக்கென்றே ஐ.எஸ்.ஓ. 24712 என்று சர்வதேச ஐந்து பக்கத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதைத் திரும்பத் திரும்ப அடிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஹால் டிக்கெட் எடுத்து, நடுவில் க்ளீனிங்கில் மையைக் கொட்டும் வீடு அந்தக் கணக்கில் வராது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். போட்டோ விஷயத்தில் இதை மிஞ்ச முடியாது. இந்த விலைக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று நான் நினைக்கவே இல்லை. க்ளாஸி பேப்பரில், ஓரம் விடாமல், தோல் நிறம் அப்படியே வருகிறது. செட்டிங்கில் போட்டோ பேப்பர் என்று மாற்ற மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால் சாதாரணத் தாளுக்கான கறுப்பு மையை அடித்துவிடும், அது க்ளாஸியில் ஒட்டாமல் கட்டைவிரலோடு வந்துவிடும். சரியாக வைத்தால் மற்ற மூன்று கலரையும் கலந்துதான் கறுப்பை உண்டாக்குகிறது, அதனால் தலைமுடியில் லேசாகப் பழுப்பு தெரியும். ஸ்டூடியோக்காரர் கண்டுபிடிப்பார், எங்கள் அத்தைகள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தாளும் மையும் சேர்த்து ஒரு படம் எட்டு ரூபாய்க்குள் முடிகிறது, எங்கள் தெரு ஸ்டூடியோவில் இருபது.

ஹெட் காயாமல் இருக்க இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கலர் படம் அடிக்கிறோம். எந்தப் படம் என்று முடிவு செய்வது அப்பா. சனிக்கிழமை ராத்திரியே போனைத் தடவ ஆரம்பித்துவிடுவார். பேரனின் பல் விழுந்த படம், ஊர்க் கிணற்றடி, செத்துப்போன நாய். படம் வெளியே வரும்போது பக்கத்தில் நின்று, ஈரம் காயட்டும் என்று ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குவதைப் பார்க்க வேண்டும். பர்ஸில் இப்போது பணத்தைவிடப் படம்தான் அதிகம்.

சித்தப்பா மகனுக்கு, வாங்காதே என்றுதான் பதில் போட்டேன். மாசத்துக்கு நாலு பிரிண்டுக்கு ஜெராக்ஸ் கடை போதும், போட்டோ வேண்டுமென்றால் தாளை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வா என்றேன். "அப்ப உங்களோடதை வித்துடுறீங்களா?" என்றான். அதெல்லாம் கிடையாது.

சர்வீஸிலிருந்து வந்த அன்றே சுவர் சுவிட்சின் மேல் செல்லோ டேப் ஒட்டி, 'தொடாதே' என்று பிரிண்ட் எடுத்தே ஒட்டியிருந்தேன். இன்று காலை பார்த்தால் டேப்பை நகத்தால் பதமாகப் பிரித்து, சுவிட்சை அணைத்து, திரும்பவும் அதே டேப்பை அதே இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.