ஏசி சேர்விஸ் என்ற பெயரில் 26,500 ரூபா: கொழும்பில் உள்ளவர்கள் கவனத்திற்கு

வெயில் ஏறுவதற்கு முன்னர் வீட்டு ஏசியைச் சேர்விஸ் செய்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள், யாரையும் அழைப்பதற்கு முன்னர் இதை ஒரு முறை வாசித்துவிடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசியைக் கெடுத்துவிட்டு, அதற்குக் கூலியாக என்னிடம் 26,500 ரூபாவும் வாங்கிச் சென்றிருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகம் பார்த்துப் பாதியை விட்டுவிடுவேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட தொடர்மாடி ஒன்றில் இருக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு வெளியே இருக்கும் பெட்டியின் தகடுகளை அரித்துவிடும் என்பதால், ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்பதற்கு முன்னரே கழுவித் துப்புரவாக்கிவிடுவது எங்கள் வழக்கம். வழமையாக வருகிற பாஸ் இம்முறை வெளிநாடு போய்விட்டார். ஆகவே, வீட்டுத் திருத்த வேலைகளுக்கு ஆட்களை ஒழுங்கு செய்து தரும் இணையத்தளம் ஒன்றில் பதிவு செய்தேன். முழுமையான சேர்விஸ் 4,500 ரூபா, சரிபார்க்கப்பட்ட தொழில்நுட்பவியலாளர்கள், மூன்று மாத உத்தரவாதம் என்றெல்லாம் அதில் போட்டிருந்தார்கள்.

வந்த இளைஞர்கள் இருவரையும் பார்த்தால் எவருக்கும் நம்பிக்கை வந்திருக்கும். சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார்கள். கேட்காமலே கட்டிலுக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடினார்கள். உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து வடிந்த கறுப்புத் தண்ணீரை வாளியோடு கொண்டுவந்து மாமியிடம் காட்டி, "இதைத்தான் அம்மா இவ்வளவு நாளும் சுவாசிச்சிருக்கீங்க" என்றார்கள். மாமி உடனே தேநீர் போட எழுந்துவிட்டார். அந்தக் கறுப்புத் தண்ணீர் பொய்யில்லை. அதைக் காட்டியதால்தான் அடுத்த பொய் எடுபட்டது.

பிறகு மூத்தவர் பால்கனிக்குப் போய், வெளிப் பெட்டியில் அழுத்தமானியைப் பூட்டினார். மெல்லிய செப்புக் குழாய் வந்து சேரும் வால்வின் மூடியைத் திறந்து, எல் வடிவச் சாவி ஒன்றைச் செருகி ஏதோ திருகுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிறிது நேரத்தில், "அக்கா, இங்க வந்து பாருங்க, முள்ளு விழுந்திட்டுது. காஸ் முழுக்க முடிஞ்சுது. இப்பிடியே ஓடவிட்டா கொம்ப்ரஸர் எரிஞ்சிடும்" என்றார். முள் உண்மையாகவே பூச்சியத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. காஸ் நிரப்ப 22,000 ரூபா, சேர்விஸுக்கு 4,500 ரூபா, ஆக மொத்தம் 26,500 ரூபா. சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து குழாயைப் பொருத்தினார்கள், முள் ஏறியது, அறை குளிர்ந்தது. பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு அன்றி, மூத்தவர் சொன்ன தனிநபர் கணக்கொன்றுக்கே அனுப்பச் சொன்னார்கள். நிறுவனக் கணக்கில் ஏதோ கோளாறாம். தந்த பற்றுச்சீட்டில் "ஏசி வேலை" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஒரு கிழமை போவதற்குள் அறை குளிராமல் போனது. வெளிப் பெட்டியின் மெல்லிய குழாயில் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தது. அழைத்தபோது, கடற்காற்றில் குழாய் அரித்திருக்கும், காஸுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். மறுபடி அழைத்தபோது, புதுவருடத்துக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். அதன் பிறகு, அந்தத் தொழில்நுட்பவியலாளர் இப்போது தங்களிடம் இல்லை என்றும், தாங்கள் ஆட்களை அறிமுகப்படுத்துபவர்கள் மட்டுமே என்றும், 26,500 ரூபா தங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதால் தாங்கள் பொறுப்பில்லை என்றும் ஒரு பெண் மிகவும் இனிமையான குரலில் விளக்கினார். வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் தவறாமல் விழுந்தது. அவர்களுடைய தளத்தில் நான் எழுதிய கருத்து மறுநாளே காணாமல் போயிருந்தது.

கடைசியில் தெகிவளையிலிருந்து, உறவினர் ஒருவர் மூலம், வயதான பாஸ் ஒருவர் வந்தார். வெளிப் பெட்டியின் முன்னால் குந்தியிருந்து, அதே மெல்லிய குழாயின் வால்வைச் சாவியால் திருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வால்வு பாதிதான் திறந்திருந்தது. அதனால்தான் அந்த இடத்தில் உறைபனி, அதனால்தான் குளிரும் குறைவு. முழுதாகத் திறந்ததும் முள் சரியான அழுத்தத்தில் வந்து நின்றது. பிறகு, ஏசி ஓடிக்கொண்டிருக்கையிலேயே வால்வை மூடிக் காட்டினார்: முள் சரசரவென்று இறங்கியது. வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுவதற்கு முன்னர், காஸ் முழுவதையும் வெளிப் பெட்டிக்குள் சேர்த்து வைப்பதற்கு வழமையாகச் செய்யும் வேலைதான் இது. காஸ் எங்கேயும் போகவில்லை, பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருந்தது. சிலிண்டரைக் காட்டிக்கொண்டு வால்வைத் திறந்திருக்கிறார்கள், முள் ஏறியிருக்கிறது. என் கண் முன்னால் என்னுடைய காஸையே எனக்கு 22,000 ரூபாவுக்கு விற்றிருக்கிறார்கள்!

ஏசியின் காஸ் பெற்றோலைப் போல ஓட ஓடத் தீர்ந்து போவதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான் அதன் வேலை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவைத் தேடாமல், அடைக்காமல், "முடிஞ்சுது, நிரப்புவோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடுங்கள். அழுத்தம் பார்க்கும்போது வால்வில் சாவி போட்டால், ஏன் என்று கேளுங்கள். உண்மையாகவே நிரப்ப வேண்டியிருந்தால், எந்தக் காஸ், எத்தனை கிராம் என்பது வெளிப் பெட்டியின் பெயர்த்தகட்டில் இருக்கும் (எங்களுடையது ஆர்-32). சிலிண்டரைத் தராசில் வைத்து அளந்துதான் போட வேண்டும், அந்த அளவைப் பற்றுச்சீட்டிலும் எழுத வேண்டும். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பவே வேண்டாம். இன்னும் விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது.

ஏமாந்தவர்கள் இருந்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு, வங்கிப் பரிமாற்றப் பிரதி, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வொக்ஸ்ஹோல் வீதி அலுவலகத்தில் நேரில் கையளிக்கப் போகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கையில், "விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம், 5,000 ரூபா திருப்பித் தரலாம்" என்று அந்த இணையத்தளத்திலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. நான் கொடுத்தது 26,500 ரூபா.