பிரசவ உதவி: கையில் பணமா, கூப்பனா?

எங்கள் சின்ன அறக்கட்டளைக்கு இந்தக் கேள்வி ஒரு கல்லூரி நண்பர்கள் குழு அனுப்பிய பணத்தோடு வந்தது. திருப்பூரைச் சுற்றிய பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு மட்டும் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. பணமாகக் கையில் கொடுப்பதா, கூப்பன் அடித்துக் கொடுத்துவிட்டு ஸ்கேன் சென்டருக்கும் ஆட்டோவுக்கும் நாங்கள் பில் கட்டுவதா? கடைசியில் கூப்பன் என்று முடிவானது. இரண்டு வருடமாக அதன் கணக்குநோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணமாகக் கொடுப்பதன் நல்ல பக்கம் தெரிந்ததுதான். அச்சடிக்கும் செலவு இல்லை, யாரோடும் ஒப்பந்தம் வேண்டாம், எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு நாம் பாடம் எடுக்கவும் வேண்டாம். 2005இல் மத்திய அரசு தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா இந்த வழிதான். பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களின் கிராமங்களில் மருத்துவமனையில் பிரசவித்தால் தாய்க்கு 1,400 ரூபாய். மருத்துவமனைப் பிரசவங்கள் கூடின என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பணம் அதிகம் போய்ச் சேர வேண்டிய பரம ஏழைகளுக்கே எல்லா இடத்திலும் அதிகம் போய்ச் சேரவில்லை என்பதையும் அந்தத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள்.

எங்கள் பெண்களிடம் பணம் தோற்றதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். முதல் மாதம் எட்டுப் பேரிடம் வங்கிப் பாஸ்புக் கேட்டோம். இரண்டு பேருக்குத்தான் சொந்தக் கணக்கு இருந்தது. ஒருத்தியின் கணக்கு ஊரில் மாமனார் போனோடு இணைந்திருந்தது, ஓடிபி அங்கேதான் போகும். சரி, கையில் ரொக்கமாகக் கொடுக்கலாம் என்றால் அது அன்றைக்கே வாடகைக்குப் போனது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, வாடகையும் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஐந்தாம் மாத ஸ்கேன் அப்படியே நின்றுவிட்டது.

கூப்பனுக்கு வருகிறேன். இந்த யோசனையில் பெரிய பெயர் எடுத்தது குஜராத்தின் சிரஞ்சீவி யோஜனா. 2005 கடைசியில் ஐந்து மாவட்டங்களில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் போனது. வறுமைக்கோட்டு அட்டை வைத்திருக்கும் பெண் ஒப்பந்தத்தில் இருக்கும் தனியார் மகப்பேறு மருத்துவரிடம் போய்ப் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம், பில் அரசுக்கு என்பது ஏற்பாடு. தொடக்கத்தில் மருத்துவருக்கு 100 பிரசவத்துக்கு 1,79,500 ரூபாய் என்று மொத்தமாக நிர்ணயித்தார்கள், அதாவது தலைக்கு 1,795. அதற்குள் 85 சுகப்பிரசவம் ஒவ்வொன்றும் 800, ஏழு சிசேரியன் ஒவ்வொன்றும் 5,000 என்று உடைத்துப் போட்டிருந்தார்கள். தாயின் போக்குவரத்துக்கு 200 ரூபாயும் அதிலேயே அடக்கம்.

அந்த மொத்தக் கணக்கு கெட்டிக்காரத்தனமானது. எந்தப் பிரசவமானாலும் மருத்துவருக்குத் தலைக்கு அதே 1,795தான், கத்தி வைத்தால் கூடுதல் காசு இல்லை என்பதால் தேவையில்லாத சிசேரியனுக்கு ஆசை வராது. அதன் மறுபக்கம், சிக்கலான கேஸ் வந்தால் மருத்துவருக்குக் கைநஷ்டம். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க’ என்று சொல்லிவிடுவது அவருக்குச் சுலபம்.

முதல் சில வருடங்களில் திட்டத்தைப் புகழாதவர் இல்லை. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விசாரித்ததில், திட்டத்தால் மருத்துவமனைப் பிரசவம் குறிப்பிடும்படி கூடியதாகவும் தெரியவில்லை, குடும்பத்தின் கைச்செலவு குறைந்ததாகவும் தெரியவில்லை. அந்த வருடங்களில் மருத்துவமனைப் பிரசவம் எப்படியும் கூடிக்கொண்டுதான் இருந்தது. கூப்பன் இல்லாவிட்டாலும் போயிருக்கக்கூடியவர்களையும் சேர்த்து எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றிதான்.

இதைப் படித்த பிறகும் கூப்பனைத்தான் எடுத்தோம். ஆனால் இலவசம் என்று சொன்ன இடத்தில் கைச்செலவு ஏன் குறையவில்லை என்ற கேள்விதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. அதற்கான பதிலில் பாதி எங்களுக்கே நடந்து தெரிந்தது.

முதல் வருடம் ஒரு நர்சிங் ஹோமோடும் பேசிப் பிரசவக் கூப்பன் வைத்திருந்தோம். காசோலையில் அறங்காவலர் இருவர் கையெழுத்து வேண்டும். ஒருவர் மகளைப் பார்க்க வெளிநாடு போய்விட்டார். மூன்று மாத பில் நின்றது. நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நான்காவது மாதம் ஒரு பெண்ணின் கணவர் கசங்கிய வெள்ளைத் துண்டுச்சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தியேட்டர் சார்ஜ் என்று பேனாவால் எழுதி 6,000 போட்டிருந்தது. எங்கள் கூப்பனையும் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் இதையும் வாங்கியிருக்கிறார்கள். போன் பண்ணிச் சத்தம் போட்டேன். மறுமுனையில் அமைதியாகப் பதில் வந்தது: “மேடம், உங்க பழைய பில் எப்ப வருது?” மேற்கொண்டு எனக்குப் பேச்சு வரவில்லை.

இதே பாடத்தை ஆட்டோக்காரர் ஒருவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். “அக்கா, கூப்பன் கெடக்குதுங்க. பெட்ரோல் பங்க்ல அத வாங்கிக்குவாங்களா?”

பணம் நல்லதா, கூப்பன் நல்லதா என்ற விவாதத்தைவிட, பில் எத்தனை நாளில் செட்டில் ஆகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். சேவை கொடுத்தவருக்குப் பணம் தாமதமானால் அந்தத் தாமதத்தின் வட்டியை அவர் யாரிடம் வசூலிப்பார்? எதிரில் நிற்கும் அந்தப் பெண்ணிடம்தான். சிரஞ்சீவியில் ஒப்பந்தம் போட்டதும் மருத்துவருக்கு முன்பணம் கொடுத்தார்கள், அது சரியான காரியம். அப்புறம் தொகை கட்டுப்படியாகவில்லை என்று பல மருத்துவர்கள் விலகிக்கொண்டார்கள். கென்யாவில் 2006இல் வந்த பிரசவக் கூப்பனை ஏழைப் பெண்கள் 200 ஷில்லிங் கொடுத்து வாங்கினார்கள். பரிசோதனை, பிரசவம், தேவைப்பட்டால் சிசேரியன் எல்லாம் அதற்குள். பிரசவம் பார்க்கும் இடத்துக்குப் பணம் வந்துசேரும் வேகம்தான் அங்கேயும் அடிக்கடி சிக்கலானது.

பணமாகக் கொடுப்பதிலும் தாமதம் உண்டு, ஆனால் அங்கே அது வேறு வேடத்தில் வரும். பிரசவத்துக்கான பணம் குழந்தை தவழும்போது கணக்கில் ஏறும். நம் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை 18,000 ரூபாய் வரை வளர்ந்த பிறகும், தவணை வந்ததா என்று செவிலியரிடம் கேட்டு நடப்பவர்களைப் பார்க்கிறோம். ஆனாலும் பணத்துக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும். தாமதமான பணம் எப்போது வந்தாலும் பணம்தான். பில் கட்டாத கூப்பன் வெறும் காகிதம்.

வங்கதேசம் இரண்டையும் கலந்தது. கூப்பனில் பரிசோதனைகளும் போக்குவரத்துக்கு 500 டாக்காவும், பிரசவம் பார்க்கத் தேர்ந்தவர் துணையோடு பிரசவித்தால் தாய் கையில் 2,000 டாக்காவும். வீட்டுக்கே தேர்ந்த செவிலியர் வந்து பார்த்தாலும் அந்தப் பணம் உண்டு. தேர்ந்தவர் பார்க்கும் பிரசவங்கள் அங்கே வெகுவாகக் கூடின. எங்களிடம் பணம் இன்னும் கொஞ்சம் இருந்தால் நானும் இந்தக் கலவையைத்தான் கேட்பேன்.

இப்போது நாங்கள் செய்வது இது. பிரசவக் கூப்பனை நிறுத்திவிட்டோம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஜி.எச்.சில் இலவசம், வலி எடுத்தால் 108 வரும். அந்த வேலையில் தனியார் கூப்பனை நுழைப்பது வீண். மஞ்சள் கூப்பன் ஸ்கேனுக்கு, ரோஸ் கூப்பன் பரிசோதனைக்குப் போய்வர ஆட்டோவுக்கு, அவ்வளவுதான். ஆட்டோவுக்கு அன்று மாலையே ஜி-பே. ஸ்கேன் சென்டருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அந்தப் பெண்ணுக்கு மறுநாள் போன் போட்டு ‘கையில் இருந்து எவ்வளவு கொடுத்தீங்க?’ என்று ஒரே ஒரு கேள்வி, இந்தி தெரிந்த எங்கள் தன்னார்வலர் கேட்பார். முன்பு ஸ்கேன் ரிப்போர்ட் பிரிண்ட் போட என்று இருநூறு வாங்கியது இப்படித்தான் வெளியே வந்தது.

சிகிச்சையின் தரம் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். நாங்கள் பார்த்த சிக்கலான பிரசவங்கள் இரண்டே இரண்டு, அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. உத்தரப்பிரதேசத்தின் உள்கிராமம் மாதிரி ஜி.எச். எட்டாத ஊரில் இருந்திருந்தால் பிரசவக் கூப்பனை இவ்வளவு சீக்கிரம் கைவிட்டிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

ஸ்கேன் சென்டர்க்காரர் ஏப்ரலில் இருந்து நூறு ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறார். அறங்காவலர்களுக்கு விருப்பம் இல்லை. கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். மறுத்தால் அந்த நூறு மறுபடி பிரிண்ட் சார்ஜாக வரும்.