இன்சூரன்ஸ் ஜி.எல். (உத்தரவாதக் கடிதம்) வரும்வரை காத்திருப்பதா, கட்டிவிட்டு கிளெய்ம் பண்ணுவதா, அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் 30 வருடம் பால் வெட்டியவர் எங்கள் அம்மா. போன வருடம் பித்தப்பையில் கல் என்று ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லி, ஆப்பரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள். தம்பி எடுத்துக் கொடுத்த மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, இருக்கிறது என்ற தைரியத்தில் துணிமணிகூட எடுத்து வைத்துவிட்டோம். ஜி.எல். வரவில்லை. செலவைத் தாங்களே கட்டுவதாக இன்சூரன்ஸ் கம்பெனி மருத்துவமனைக்குத் தரவேண்டிய அந்த உத்தரவாதக் கடிதத்துக்காக 11 நாள் காத்திருந்தோம், எப்போது கேட்டாலும் 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற ஒரே பதில்தான். அந்த நாட்களில் மூன்று வழியையும் அலசினோம், அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வழி, ஜி.எல்.லுக்குக் காத்திருப்பது. கையில் காசு வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் எங்கே மாட்டிக்கொண்டது என்று தெரியாமல் காத்திருக்காதீர்கள். பித்தக் கல், சிறுநீரகக் கல், குடலிறக்கம், மூலம், முட்டி, முதுகெலும்பு மாதிரி பிரச்சினைகளுக்குப் பொதுவாக நம் நாட்டு மெடிக்கல் கார்டுகளில் முதல் 120 நாள் காப்பீடு கிடையாது. கார்டு எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கும் கிடையாது. அதனால் டாக்டர் நிரப்பும் பாரத்தில் 'அறிகுறி எப்போது தொடங்கியது' என்ற ஒரு வரியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அம்மா "ரெண்டு வருஷமா வயித்துல எரிச்சல்" என்று சொல்லியிருக்கிறார், அது கேஸ்ட்ரிக். டாக்டர் வலியையும் அதோடு சேர்த்து '2 வருடம்' என்று எழுதிவிட்டார். கார்டுக்கு வயது ஒன்றரை வருடம்தான். சரி, எந்தக் காகிதம் குறைகிறது, யாரிடமிருந்து வரவேண்டும் என்று பிடித்துக் கேட்ட பிறகுதான் இது தெரிந்தது. கிளினிக்கில் இருந்த பழைய குறிப்பை வாங்கி, டாக்டரிடம் காட்டி, எரிச்சல் வேறு, இந்த வலி வேறு என்று விளக்கக் கடிதம் வாங்கினோம். எதையும் மறைக்கவில்லை, நடந்ததைப் பிரித்துச் சொன்னோம், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, சொந்தக் காசைக் கட்டிவிட்டு அப்புறம் கிளெய்ம் பண்ணுவது. வேகம் என்றால் இதுதான். வேலையில் இருக்கும் பிள்ளைகள், 55 வயதுக்குக் கீழே என்றால், 2024 மே முதல் இருக்கும் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அக்காவுன் ஃபிளெக்சிபல் என்ற கணக்கில் இருந்து காசு எடுக்கலாம். ஆனால் ஜி.எல்.லைத் தடுத்த அதே கேள்வி கிளெய்மிலும் வரும். கிளெய்மையும் மறுத்துவிட்டால் போட்ட காசு போனதுதான். தோட்டத்துச் சம்பளத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன். அப்படியே போனாலும் அசல் பில், ரசீது, டாக்டர் அறிக்கை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது வழி அரசாங்க மருத்துவமனை. நம்மில் பலர் இதைக் கடைசிக் கதவாக நினைக்கிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பதிந்தால் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 ரிங்கிட். அவசரமில்லாத ஆப்பரேஷனுக்கு வரிசை நீளம், மாதக்கணக்கில் ஆகலாம், உண்மை. அதற்காகவே ஜி.எல்.லுக்கு மனு போட்ட அன்றைக்கே இங்கேயும் பதியவேண்டும், ஜி.எல். இல்லை என்று ஆன பிறகு அல்ல. நாங்கள் ஆறாவது நாள்தான் போனோம், அந்த ஐந்து நாள் சும்மா போயிற்று. காய்ச்சல், கண் மஞ்சளாவது, தாங்கமுடியாத வலி என்று வந்தால் எந்தக் கடிதமும் பார்க்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கம்பெனியே மறுத்தால், முதலில் அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 60 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் நியாயமில்லை என்றால், இன்சூரன்ஸ் போன்ற நிதிப் புகார்களை விசாரிக்க 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம், நமக்குச் செலவில்லை. ஆனால் வலியோடு இருப்பவருக்கு அது உடனடி வழி அல்ல, காசு விஷயத்துக்குத்தான் உதவும்.

விளக்கக் கடிதம் போன மறுநாள், 12ஆவது நாள், ஜி.எல். வந்தது. ஆப்பரேஷன் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போக, முழு பில்லுக்கான கடைசி ஜி.எல். வரவேண்டும் என்று மதியம் முழுக்க உட்கார வைத்தார்கள், அதனால் அன்றைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கிடைத்திருந்த தேதியைப் போன் பண்ணி ரத்து செய்தோம், அடுத்து நிற்பவருக்குக் கிடைக்கட்டும் என்று.