மொறிஸ் மைனருக்குப் போட்ட பற்றரி: மல்லாவியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

2022 கடைசியில், பெற்றோல் பங்கீடு கியூஆர் முறைக்கு மாறி வரிசைகள் குறைந்த பிறகு, எங்கள் மொறிஸ் மைனர் 1000க்குப் புதுப் பற்றரி போட்டேன். இன்னமும் அதுதான் ஓடுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைனமோவால் பற்றரியைச் சார்ஜ் செய்கிற பழைய காருக்கு, வன்னி வெயிலுக்கு, மூடி திறந்து தண்ணீர் விடக்கூடிய சாதாரணப் பற்றரியை வாங்குங்கள். 'மெயின்ரனன்ஸ் ஃப்ரீ' என்று அடைத்து வருவது வேண்டாம். எந்தக் கம்பனி என்பது இரண்டாவது விஷயம்.

கார் மாமாவுடையது. 1098 சிசி என்ஜின், 12 வோல்ற், லூக்காஸ் டைனமோ. புதுக் கார்களில் சார்ஜுக்கு வருகிற அல்ரனேற்றருக்கு யாரும் மாற்றவில்லை. பற்றரியின் பிளஸ் பக்கம்தான் காரின் உடம்பில், அதாவது பொடியில், ஏர்த் ஆகிறது, இங்கிலாந்தில் செய்து வந்தபடியே. எங்கள் பக்கம் ஓடுகிற மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் பலவற்றை எப்போதோ மைனஸ் ஏர்த்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே புத்தகத்தையோ வயர் நிறத்தையோ நம்ப வேண்டாம். போனற்றைத் திறந்து, பொடியில் பூட்டியிருக்கும் வயர் பற்றரியின் எந்த முனைக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்தால் சரி.

இதற்கு முன் இருந்தது அடைத்த பற்றரி. ஒரு வருசம் தாண்டியதும் படுத்துவிட்டது. மாமா வாங்கிய கடைக்கு வாரண்டி அட்டையோடு போனால், "பழைய காருக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டார்கள். அட்டையில் அப்படி ஒரு வரியும் இல்லை. சண்டை பிடிக்கப் பொறுமை இல்லாததால், வேறு இடத்தில் பழையதைக் கொடுத்து, ஈயத்துக்குக் கழித்துக்கொண்டு புதியதை எடுத்தோம்.

அது ஏன் படுத்தது என்பது வோல்ற் மீற்றர் வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மாங்குளத்தால் ஏறி ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கு ஒரே வேகத்தில் ஓடினால், பற்றரி முனையில், அதாவது ரெமினலில், 14.8 வோல்ற் காட்டியது. 14.4 தாண்டினாலே உள்ளே தண்ணீர் வாயுவாகப் போகத் தொடங்கும். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டியை இங்கே மெக்கானிக்மார் கட்அவுட் என்பார்கள். அதற்குள் இருப்பது சுருளும் ஸ்பிரிங்கும் கொன்ராக்ற்றும்தான். காலம் போகப் போக ஸ்பிரிங் தளரும், கொன்ராக்ற் தேயும், அளவு மாறும். திருத்தினாலும் திரும்ப மாறும். அடைத்த பற்றரியில் போன தண்ணீர் போனதுதான். இதில் மூடியைக் கழற்றி ஊற்றிவிட்டு ஓடலாம். என் கட்சி இவ்வளவுதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அளவு. நம் கடைகளில் கிடைப்பவை யப்பான் குறியீட்டில் வரும். 46பி24எல் என்றால் 24 என்பது நீளம், சென்ரிமீற்றரில். பி என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகை. எல், ஆர் என்பவை பிளஸ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். இந்த பி வகையில் அதன் பின்னால் எஸ் இருந்தால் ரெமினல் தடித்தது, இல்லாவிட்டால் மெல்லியது. மைனரின் கிளாம்ப் தடித்த ரெமினலுக்கானது. மெல்லியதை வாங்கிவிட்டு ஈயத் தகட்டைச் சுற்றி இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரவல் றோட்டில் ஒரு வாரம் தாங்காது. இன்னொன்று, எந்தப் பற்றரியிலும் பிளஸ் ரெமினல் மைனஸைவிடக் கொஞ்சம் பருமன். எங்கள் காரில் ஏர்த் பட்டியின் கிளாம்ப்தான் பெரிய வாய். இதைத் தெரிந்து வைத்தால் லேசில் மாறிப் பூட்ட முடியாது, சின்ன வாய் பெரிய ரெமினலில் சுலபமாக இறங்காது. பழைய பற்றரியைக் கையோடு கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவது குறியீடு படிப்பதைவிட லேசு.

பூட்ட வந்தது கடைப் பொடியன். நல்ல கெட்டிக்காரன், ஆனால் புதுக் கார்களில் பழகிய கை.

"அண்ணை, இது மாறிக் கிடக்கு. கறுப்பு வயரை எல்லோ பொடியில குடுக்க வேணும்?"

"இல்லைத் தம்பி, இந்தக் காருக்கு பிளஸ்தான் ஏர்த். கழட்டினமாதிரியே பூட்டு."

"அப்ப றேடியோ?"

"றேடியோ இல்லை. இருந்தால் இண்டைக்கு எரிஞ்சிருக்கும்."

அவன் சிரித்தான், ஆனாலும் நம்பவில்லை. மாறிப் பூட்டியிருந்தால் இந்தக் காரில் உடனே பெரிய சேதம் வராது. இக்னிஷன் கொயிலின் பொறி கொஞ்சம் பலவீனமாகும், டைனமோவின் துருவத்தைத் திரும்ப ஏற்ற வேண்டிவரும். அல்ரனேற்றரோ எலெக்ரோனிக் இக்னிஷனோ பூட்டிய காரென்றால் நொடியில் செலவு வந்துவிடும். இன்னொன்றும் அவனுக்குக் காட்டினேன். கழற்றும்போது 'முதலில் மைனஸ்' என்று எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். உண்மையில் முதலில் கழற்ற வேண்டியது ஏர்த் பக்கம், இங்கே அது பிளஸ். மற்றதை முதலில் கழற்றப் போய் ஸ்பனர் பொடியில் தட்டினால் நெருப்புப் பறக்கும். பூட்டும்போது ஏர்த் கடைசி.

பற்றரித் தட்டு என்ஜினுக்குப் பின்னால், போனற்றுக்குள்ளேயே இருக்கிறது. அசிற் வடிந்து துருப்பிடிக்கிற முதல் இடம் அதுதான். தட்டைச் சுரண்டி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காயவிட்டு, பெயின்ற் அடித்து, பழைய உழவு இயந்திரத்து ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி அடியில் போட்டேன். இரண்டு நீளக் கம்பியும் மேலே ஒரு சட்டமும் பற்றரியைப் பிடிக்கும். மாமா காலத்தில் ஒரு கம்பி இல்லை, நைலோன் கயிறுதான் கட்டியிருந்தது. முத்தையன்கட்டுப் பக்கம் உள்ளே போகிற பாதையில் ஒருதரம் ஓடிப் பாருங்கள், பற்றரி ஆடினால் உள்ளே தட்டுகளுக்கு என்ன ஆகும் என்று தெரியும். கம்பியை லேத்தில் கொடுத்துச் செய்வித்தேன். பற்றரியின் ஆயுளைக் கூட்டிய செலவு என்றால் அதுதான், அதற்கு வந்த காசோ சொல்லக்கூடிய காசே இல்லை.

சரி, பாவனையில் எப்படி? சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் குறைவது கண்ணுக்கே தெரியும். அந்த மாதங்களில் அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பேன், மாரியில் அந்த வேலை இல்லை. ஊற்றுவது கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் மட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படிவு கட்டுகிற தண்ணீர், அதை உள்ளே விட்டால் தட்டுக்குக் கேடு. பழைய ஆட்கள் முற்றத்தில் சட்டி வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரை விட்டு ஓடியிருக்கிறார்கள். யுத்தத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில் அப்படித்தான். பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்ராட் செய்து, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதே பற்றரி இரவில் ரீவிக்கும் போகும். அந்தப் பற்றரிகள் பட்ட பாட்டுக்கு இன்றைய பற்றரி ராசா மாதிரி இருக்கிறது.

இரவு ஓட்டம்தான் பலவீனம். பற்றரியில் குறை இல்லை, டைனமோவில்தான். முழுச் சுற்றில் 22 அம்பியர் அளவு தரும், என்ஜின் சும்மா நிற்கும்போது ஒன்றும் வராது, சிவப்பு லைற் மினுங்கும். கார்த்திகை மழையில் ஹெட்லைற்றும் வைப்பரும் போட்டு, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்பாட்டினால் லைற்றை நூர்த்துவிடுவது என் பழக்கம். இரவு ஓடி வந்த மறுநாள் காலை மீற்றரில் 12.3 வரும், பகலில் ஒரு ஓட்டம் போனால் 12.6க்கு ஏறிவிடும். இதுவரை ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டி வரவில்லை, ஆனாலும் டிக்கியில் ஹாண்டில் கிடக்கிறது.

மூடி திறக்கிற பற்றரியின் இன்னொரு நன்மை, அசிற்றின் அடர்த்தி காட்டுகிற ஹைட்ரோமீற்றர் வைத்துப் பார்க்கலாம். ஆறு அறையையும் தனித்தனியாக உறிஞ்சிப் பார்க்கலாம். ஐந்து 1250இல் நிற்க ஒன்று மட்டும் 1180 என்றால், அந்த அறை போகப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும். என்னுடையதில் நடு அறை ஒன்று கொஞ்சம் பின்னுக்கு நிற்கத் தொடங்கியிருக்கிறது. இன்னொரு மாரி தாண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். ரெமினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். வஸ்லின் பூசினாலும் முழுதாக நிற்காது, சுடுதண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். அந்தத் துணியால் நனைந்த கையைச் சாரத்தில் துடைத்தால் அடுத்த தோய்ப்பில் சாரத்தில் ஓட்டை. போன் சார்ஜரும் இந்தக் காரில் நேரடியாகச் செருக முடியாது, பிளஸும் மைனஸும் தலைகீழ். பொடியில் தொடாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சொக்கற்றை வைத்து, வயரை மாற்றிக் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

கடைசியாக, பிளஸ் ஏர்த் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பற்றரி இறங்கி வேறு வாகனத்திலிருந்து வயர் போட்டு எடுப்பதென்றால், பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ், இரண்டு பற்றரிக்கும் நேரே போடுங்கள், பொடியில் பிடிக்க வேண்டாம். இரண்டு வாகனத்தின் பம்பரும் ஒன்றில் ஒன்று முட்டாமல் இடைவெளி விடுங்கள். ஒன்றின் பொடி பிளஸ், மற்றதன் பொடி மைனஸ். முட்டினால் அது நேரடி சோட். உதவிக்கு வருகிற ஹையேஸ் வான்காரர் வழமைபோல் மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தப் பார்ப்பார், முதலிலேயே கையைக் காட்டி மறித்துவிடுங்கள்.