பாலிஅனிலின் வளர்க்க வாங்கிய நானோகுழாய்த் தூள்

மின்னாற்றலை விரைவாகச் சேமித்து வெளியிடும் சூப்பர்கெப்பாசிட்டர்களின் மின்வாய்களுக்காக, நீரில் பிரிந்து நிற்க உதவும் கார்பாக்சில் (-COOH) தொகுதிகள் ஏற்றப்பட்ட பல்சுவர் கார்பன் நானோகுழாய்களின், அதாவது ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மிகநுண் கார்பன் குழாய்களின், தூளை எங்கள் ஆய்வகத்திற்கு வாங்கி, அதன் மேல் மின்கடத்தும் பாலிமரான பாலிஅனிலினை வளர்த்துப் பார்த்தோம்.

முதலில் நிறைவைச் சொல்லிவிடுகிறேன். மீயொலி அதிர்வால் துகள்களைப் பிரிக்கும் மீயொலிக் குளியலில் வைத்ததும் தூள் நீரில் கட்டியின்றிப் பிரிந்து, மறுநாள் காலையிலும் அடியில் படியாமல் மை போலவே நின்றது. குழாய்கள் இப்படிப் பிரிந்து நிற்காவிட்டால் பாலிஅனிலினின் மூலப்பொருளான அனிலின் அவற்றின் பரப்பில் ஒட்டிப் படலமாக வளராமல், கரைசலிலேயே தனித் துகள்களாகத் திரண்டுவிடும் என்பதால், இப்பண்பையே நான் பெரிதும் மதிக்கிறேன். காய்ச்சி வடித்த நிறமற்ற அனிலினை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சேர்த்து, 0 முதல் 5 டிகிரி செல்சியஸில் அனிலினைப் பாலிமராக இணைக்கும் ஆக்சிஜனேற்றியான அம்மோனியம் பெர்சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். வடிதாளில் தங்கிய கரிய படிவின் ஓரத்தில் கரும்பச்சைச் சாயல் தெரிந்தது. அங்கே ஒரு சொட்டு அம்மோனியா பட்டதும் அது நீலமாக மாறியது. அமிலத்தில் பச்சையாகவும் காரத்தில் நீலமாகவும் தோன்றுவது பாலிஅனிலினின் இயல்பு என்பதால், அது உருவானதற்கு இந்த நிறமாற்றத்தைவிடக் கண்ணுக்கு இனிய சான்று வேறில்லை.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. உறையில் உயர்தூய்மை என்று அச்சிட்டிருந்தும், தூளைக் காற்றில் முழுவதும் எரித்தபோது செம்பழுப்புச் சாம்பல் எஞ்சியது. குழாய்களை வளர்க்கப் பயன்பட்ட இரும்பு வினையூக்கியின் மிச்சமே அது என்று கருதுகிறேன். மின்வேதி அளவீடுகளில் இரும்பு தன் பங்குக்குக் குறுக்கிடும். ஆகவே அமிலத்தில் மீண்டும் கழுவிய பிறகே இத்தூளைப் பயன்படுத்துங்கள். வாங்கும் தூளின் ஒவ்வொரு உற்பத்தித் தொகுதிக்கும் சாம்பல் அளவைக் குறிக்கும் சான்றிதழை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.