ஃபெரோ ராடும் தேங்காய் நாரும்: தோப்பில் அடுப்பு மூட்டிய சில வருட அனுபவம்

ஃபெரோ ராட், அதாவது தகட்டால் உரசினால் தீப்பொறி விழும் உலோகக் கம்பி, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பொறியை எதன்மேல் விழவைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். கம்பியை உரசப் பழகுவது சுலபம். நாரும் பஞ்சும் பழகத்தான் நாளாகும், தீ வருவதும் வராததும் அங்கேதான் இருக்கிறது.

எனக்குத் தோப்பு பொள்ளாச்சிப் பக்கம். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் முறைத் தண்ணீர் இரவில் வந்தால் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். மோட்டார் ரூமை ஒட்டிய மூன்று கல் அடுப்பில் டீ போட, கஞ்சி காய்ச்ச என்று சில வருடங்களாக இந்தக் கம்பியைத்தான் எடுக்கிறேன். தீப்பெட்டி மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு ரூபாய்ப் பெட்டி வீட்டுக்குள் போதும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றிலும் சாரலிலும்தான் கதை வேறு. ஈரக்கையால் தொட்டாலே பெட்டியின் ஓரத்து மருந்து ஊறிவிடும், பற்றிய குச்சியும் அடுப்புக்குப் போவதற்குள் அணைந்துவிடும். ஃபெரோ ராடைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்து உரசினாலும் பொறி வரும்.

என்னிடம் இருப்பது சுமார் 12 மில்லிமீட்டர் தடிமன், விரல் நீளம். புதிதாக வரும்போது மேலே கறுப்புப் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டி எடுக்கும் வரை பொறி சரியாக வராது. கூடவே தரும் தகடு பரவாயில்லை ரகம். உடைந்த ஹேக்ஸா பிளேடின் முதுகு அதைவிட நன்றாக வேலை செய்கிறது, ஓரம் மழுங்காமல் நேராக இருந்தால் போதும். அரிவாள் முதுகு உருண்டிருப்பதால் சரிப்படாது. உரசும்போது பிளேடை முன்னால் தள்ளக் கூடாது. பிளேடு நாருக்கு மேல் அசையாமல் நிற்க, கம்பியைத்தான் பின்னால் இழுக்க வேண்டும். தள்ளினால் கை போய் நார்க் கூட்டை இடித்துக் கலைத்துவிடும். அழுத்தி, மெதுவாக இழுத்தால் பொறி பெரிதாக விழும். வேகமாக இழுத்தால் பார்க்க அழகாக இருக்கும், சின்னச் சின்னப் பொறியாகச் சிதறிப் போய்விடும்.

இந்தக் கம்பியின் பிறப்பு ஆஸ்திரியாவில். கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற வேதியியலாளர் 1903-இல் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் இருக்கிறதே, அந்த வகை மேண்டிலும் அவர் கண்டுபிடித்ததுதான். மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும், அது மோனசைட் என்ற கனிமம் கலந்த மணலில் இருக்கிறது. தோரியத்தைப் பிரித்த பிறகு சீரியம், லாந்தனம் போன்ற உலோகங்கள் மிச்சமாகக் குவிந்தன. அந்த மிச்சத்தோடு இரும்பைச் சேர்த்து அவர் செய்த கலவைதான் லைட்டர் கல்லாகவும் நம் கையில் இருக்கும் கம்பியாகவும் வந்தது. சுரண்டும்போது விழும் துகள் உராய்வுச் சூட்டிலேயே காற்றில் தீப்பிடித்துக்கொள்கிறது. பழைய சக்கிமுக்கிக் கல்லின் பொறியைவிட இதற்குச் சூடு அதிகம், கொஞ்சம் கூடுதல் நேரம் எரியவும் செய்யும். அதனால்தான் சக்கிமுக்கிக்கு வேண்டிய கருக்கிய பஞ்சு இல்லாமல் வெறும் நாரிலேயே பிடிக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சேதி ஒன்று உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் நம் பக்கத்து மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அந்தத் தடம் பிடித்துப் போனது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு. இன்றும் அங்கே மணலைப் பிரிக்கும் அரசு ஆலை இருக்கிறது. கம்பிக்கும் நாருக்கும் இடையே இப்படி ஒரு பழைய உறவு இருப்பது தெரிந்ததிலிருந்து, நாரைக் கசக்க உட்காரும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

சரி, நாருக்கு வருவோம். தேங்காய் மட்டையிலிருந்து பிய்த்த நார் அப்படியே பிடிக்காது. இழை தடிமன், பொறி அதன்மேல் விழுந்து அணைந்துவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேய்க்க வேண்டும். எங்கள் தோப்பில் காய் உரிக்க வரும் பெரியவர் ஒருவர் நான் கசக்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னும் கசக்கோணுங்க தம்பி, கையில தூள் கொட்டோணும்" என்றார். அவர் சொன்னதுதான் கணக்கு. தேய்க்கத் தேய்க்கத் தடி இழைகள் பிரிந்து முடிபோல மெல்லிய இழைகள் வெளியே நீட்டும், இடையில் இருக்கும் பழுப்புப் பொடி மடியில் உதிரும். அந்த மெல்லிய இழைகள்தான் பொறியைப் பிடிப்பவை. பொடியை முழுக்க உதறிவிட வேண்டாம். அது சுடர்விட்டு எரியாது, ஆனால் கனிந்துகொண்டே இருக்கும். பெட்டிக்கடை ஓரத்தில் பீடி பற்றவைக்கத் தொங்கவிட்ட கயிறு அணையாமல் கனன்றதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குணம் தெரியும்.

மழையில் நனைந்த மட்டை என்றாலும் கவலை இல்லை. மரத்திலேயே முற்றிக் காய்ந்த நெற்றுக் காயாக எடுத்து உரித்தால், மேல்தோல் ஊறியிருந்தாலும் கொட்டாங்குச்சியை ஒட்டிய உள்நார் காய்ந்தே இருக்கும். தண்ணீரில் நாள்கணக்காகக் கிடந்த மட்டைக்கு இது பொருந்தாது.

தென்னை மட்டையின் அடியில் இருக்கும் பன்னாடை பார்க்க வலைபோல மெல்லிசாக இருப்பதால் உடனே பிடிக்கும் என்று பலரும் நினைப்பார்கள். நேரடியாகப் பிடிப்பது அபூர்வம். ஆனால் அதைத் தட்டையாக விரித்து நடுவில் கசக்கிய நாரை வைத்தால் அருமையான கூடு, அப்படியே இரு கையால் தூக்கி ஊதலாம்.

இலவம்பஞ்சு எதிர்த் துருவம். ஒரே பொறி போதும், பஞ்சின் மேல் ஒரு மஞ்சள் அலை ஓடி முடிந்துவிடும், கருகிய விதைதான் மிஞ்சும். மெழுகுப் பூச்சுள்ள உள்ளீடற்ற இழை என்பதால் இந்த வேகம். தனியாக வைத்தால் சுள்ளி பற்றுவதற்குள் காலி. நார்க் கூட்டின் மேல் ஒரு சிட்டிகை மட்டும் பிய்த்து வைத்தால், பஞ்சு பிடித்து நாருக்குக் கொடுக்கும், நார் ஓலைக்குக் கொடுக்கும். எனக்கு இன்றுவரை கைவிடாத சேர்க்கை இதுதான். கோடையில் காய் வெடிக்கும்போது பொறுக்கி வைத்துக்கொள்வேன். இலவமரம் இல்லாதவர்களுக்கு எருக்கம்பஞ்சு இருக்கிறது, சாலையோரம் இலவசம், வேகமும் அதே மாதிரி. பறிக்கும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழைச்சருகு இரண்டாம் கட்டத்துக்கு மட்டும். காற்றில் ஈரம் இருந்தால் சருகும் ஊறிவிடும். அப்புறம் தென்னம்பாளை. காய்ந்த பாளையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி வைத்தால் சுள்ளிக்குப் பதில் அதுவே போதும், பிறகு கொட்டாங்குச்சி, அதற்குமேல் விறகு.

கம்பியின் உழைப்பைப் பற்றிக் கேட்டால், என் அளவுப் பயன்பாட்டுக்கு ஒரு பக்கம் லேசாகத் தட்டையாகியிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி உரசினால் சீராகத் தேயும். கைப்பிடியின் பசை விட்டு ஒருமுறை கம்பி கழன்றது, எபாக்ஸி வைத்து ஒட்டினேன். இதைவிடக் கவனிக்க வேண்டியது அரிப்பு. கம்பியில் இருக்கும் உலோகங்கள் ஈரத்தில் சீக்கிரம் மங்கி, மேலே வெளிர் பொடி பூக்கும். வியர்வை பட்டாலோ கடற்கரைப் பக்கம் என்றாலோ இன்னும் சீக்கிரம். துடைத்துக் காயவைத்து, உரசிய பகுதியில் மெழுகுவத்தியைத் தேய்த்து வைக்கிறேன். மழைக்காலம் முழுக்கத் தாங்குகிறது.

எங்கே மூட்டுகிறோம் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டாம். சொந்த இடத்திலும் அடுப்பைச் சுற்றிச் சருகைக் கூட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்த பிறகுதான் உரசுவேன். சொட்டுநீர்க் குழாய் ஓடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கனிந்த நார்ப்பொடி அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இருக்கும், தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுக் கையால் தொட்டுப் பாருங்கள்.

வாங்குபவர்கள் 10 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் எடுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் மெல்லிய ரகம் அழுத்தி இழுத்தால் ஒடிகிறது. கருவி வாங்கிய அன்றே ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கசக்கிய நாரையும் ஒரு பிடி பஞ்சையும் அடைத்து மூடி வையுங்கள், மழை பிடித்த பிறகு தேட வேண்டியிருக்காது.