சாளைக் கறி மேல் விழுந்த பழி

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மூன்று வார விடுப்பில் தக்கலைக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் வலது கால் பெருவிரல் விண்ணென்று தெறித்து எழுப்பிவிட்டது. மூட்டு சிவந்து வீங்கி, போர்வை உரசினால்கூட உயிர் போனது.

நாகர்கோவிலில் பெரிய கிளினிக் ஒன்றுக்குப் போனோம். வேகத்தைக் குறை சொல்ல முடியாது. டோக்கன், எக்ஸ்ரே, ஊசி, களிம்பு எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. லெஸ்டராக இருந்தால் அந்நேரம் போனில் பாட்டு கேட்டுக்கொண்டு காத்திருப்பேன். சுளுக்கு என்றார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொழுப்பு மாத்திரைக்கும் கால்விரலுக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு.

அக்காவின் தீர்ப்பு வேறு. "வந்த நாள்லேர்ந்து மரச்சீனியும் சாளைக் கறியுமா தின்னா பின்ன என்ன ஆவும்?"

மறுநாளும் வலி விடவில்லை. அத்தான் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனார். வயதானவர், ஏசி இல்லாத ஒற்றை அறை. விரலைத் தொடும் முன்பே, "சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் மேசையில போடுங்க" என்றார். அத்தான் வீட்டுக்கு ஓடி எடுத்து வந்தார்.

கொழுப்பைக் குறைக்க வழக்கமாகத் தரும் ஸ்டாடின் மாத்திரைகளில் இரண்டை மாற்றிப் பார்த்தும் தொடை வலி தீராததால் எனக்கு லெஸ்டரில் எழுதித் தந்தது ஒரே மாத்திரையில் பெம்பிடோயிக் ஆசிட் 180, எஸிடிமைப் 10 மில்லிகிராம். இரண்டும் கொழுப்பைக் குறைப்பவை. பெம்பிடோயிக்கைச் செயல்பட வைக்கும் என்சைம் கல்லீரலில் உண்டு, தசையில் கிடையாது. அதனால் தசை வலிக்குப் பயமில்லை என்பதோடு நான் நிம்மதியாகிவிட்டேன். மறுபக்கத்தை டாக்டர் சொன்னார். யூரிக் ஆசிட் சிறுநீரகம் வழியாக வெளியேறும் பாதையிலேயே இந்த மருந்தும் போய் நெருக்குகிறது. யூரிக் ஆசிட் ரத்தத்தில் தங்குகிறது. 2023ல் வெளியான, ஏறக்குறைய 14,000 பேர் கலந்துகொண்ட ஆய்வில் இந்த மருந்தை எடுத்தவர்களில் 3.1 சதவீதம் பேருக்குக் கௌட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வீக்கமும் வலியும், வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1. பித்தப்பைக் கல்லும் சற்று அதிகம். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் அந்தச் சின்னது என் விரலில் உட்கார்ந்திருந்தது.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு லேப் பையன் பைக்கில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான். பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்: யூரிக் ஆசிட் 9.1, இருக்க வேண்டியதைவிட அதிகம். இந்த ஒன்றை நம் ஊர் லெஸ்டருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

கௌட் வலிக்கான கால்ச்சிசின் மாத்திரையை டாக்டர் கொடுத்தார். வலி இரண்டே நாளில் இறங்கியது, வயிறு மட்டும் கொஞ்சம் இளகியது. இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் இருப்பதால் ஒன்றை மட்டும் நிறுத்த வழியில்லை. லெஸ்டர் டாக்டருக்கு எழுதிக் கேட்டு, அதை நிறுத்திவிட்டு எஸிடிமைப் தனியாக வாங்கினேன். அது மட்டும் போட்டால் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறத்தாழ 18 சதவீதம்தான் குறையும். மீதிக்கு என்ன செய்வது என்பது திரும்பிப் போய்ப் பேச வேண்டிய விஷயம்.

இதைக் கேட்டுவிட்டு, வளைகுடாவிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன், "நான் இங்கிலீஷ் மருந்தே தொடமாட்டேன்" என்று கொழுப்புக்காகத் தான் சாப்பிடும் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூல் டப்பாவைக் காட்டினான். அதிலிருக்கும் மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மருந்தும் ஒரே பொருள். அவனுக்கும் ஆறு மாதமாகக் கெண்டைக்கால் வலியாம். டப்பாவோடு அவனை அதே டாக்டரிடம் அனுப்பி வைத்தேன்.

சாளையிலும் உடலில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் உண்டு, அதற்கும் பங்கு இருக்கலாம் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தார். விமானம் ஏறும் வரை அக்கா எனக்குக் கஞ்சியும் பயறும்தான் விளம்பினாள்.